பழைய சாமானும் ஒரு நோட்டும்

முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, வார இறுதிச் சந்தைகளில் தார்ப்பாய் விரித்துப் பழைய கேமரா, கைக்கடிகாரம், ரேடியோ விற்றவன் நான். கண் மங்க ஆரம்பித்ததும் தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு, பழைய பொருள் வாங்குவது விற்பது பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன இதழில் பேரம் பேசுவதைப் பற்றி எழுதியபோது, 'திருட்டுப் பொருள் என்று தோன்றினால் விலையே கேட்காதீர்கள், நகர்ந்துவிடுங்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். மற்ற நானூறு வரியை யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் என் சைக்கிள் திருடு போனது. போன ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தையில் அதைப் பார்த்தேன். என்னுடையதுதான், சந்தேகமே இல்லை. அங்கேயே சண்டை போட்டு எடுத்து வந்திருக்க வேண்டுமோ? பயந்து திரும்பிவிட்டேன். – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: பயந்தது நல்லதாகப் போயிற்று தம்பி. இருபது பேர் நடுவில் ஒருவர் சைக்கிளைப் பிடித்து இழுத்தால், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நீங்கள்தான் திருடன். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இழுத்தவர் சட்டை கிழிந்தது, சைக்கிள் அவர் கைக்கு வரவில்லை. அடுத்த வாரம் அந்தக் கடைக்காரரும் வரவில்லை.

'சந்தேகமே இல்லை' என்பது உங்கள் மனத்துக்கு. போலீஸுக்கு அது போதாது. ஒரே நிறம், ஒரே மாடலில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் ஓடுகின்றன. உங்களுக்குத் தேவை ஃபிரேம் நம்பர். பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் அச்சு பொருந்தியிருக்கும் குழாய்க்கு அடியில் அது குத்தப்பட்டிருக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தெரியும். வாங்கிய பில்லில் அந்த எண் இருக்கலாம், கடைக்காரர் தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கர், மாற்றிய சீட், மட்கார்டில் விழுந்த நெளிவு, எதுவானாலும் சரி. திருடு போனபோதே புகார் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. கொடுக்கவில்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். புகார் இல்லாத சைக்கிள், சட்டத்தின் கண்ணில் இன்னும் திருடப்படவே இல்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி போங்கள். சாதாரணமாக வாங்க வந்தவர் மாதிரி பாருங்கள். முடிந்தால் எண்ணைப் படம் எடுங்கள், அந்த இடத்தையும் கடையையும் குறித்துக்கொள்ளுங்கள். 'இது என்னுடையது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன ஒரு மணி நேரத்தில் சைக்கிள் இருக்காது. அப்புறம் போலீஸோடு போங்கள். சந்தை நடத்துகிறவர்களிடமும் சொல்லலாம். ஆனால் எனக்குத் தெரிந்தவரை அவர்களில் நல்லவர்கள் பாதிதான்.

'பேசாமல் காசு கொடுத்து மீட்டுவிட்டால் என்ன' என்று கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆசை பழையது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜோனதன் வைல்ட் என்று ஒருவர் இருந்தார். பொருளைத் தொலைத்தவர்கள் அவரிடம் போவார்கள், அவர் 'விசாரித்து' மீட்டுக் கொடுப்பார், சன்மானம் வாங்கிக்கொள்வார். ஊரே அவரைத் திருடர்களைப் பிடிக்கும் வீரர் என்று கொண்டாடியது. திருடியவர்களோ அவருடைய ஆட்கள்தான். திருட்டுப் பொருளை வேற்றாளிடம் விற்றால் கிடைப்பதைவிட, பறிகொடுத்தவரிடமே விற்றால் அதிகம் கிடைக்கும் என்று கண்டுபிடித்த மனிதர் அவர். திருடனைப் பிடித்துக் கொடுக்காமல் சன்மானம் மட்டும் வாங்குவதே குற்றம் என்று 1718இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் சில வருடம் தாக்குப்பிடித்தார். 1725 மே மாதம் தூக்கில் போட்டார்கள். உங்கள் சைக்கிளுக்கு நீங்களே விலை கொடுத்தால், அடுத்த சைக்கிளை எங்கே பூட்டி வைப்பீர்கள் என்று பார்த்துவைக்க ஓர் ஆளுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். விற்கிறவர்தான் திருடினார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் அதை மூன்றாவது கையாக வாங்கியிருக்கலாம். போலீஸிடமும் 'திருடனைப் பார்த்தேன்' என்று சொல்லாதீர்கள், 'என் சைக்கிளைப் பார்த்தேன்' என்று சொல்லுங்கள்.

கேள்வி: சந்தையில் ஒரு செல்போன் வாங்கினேன். அங்கே ஆன் செய்து காட்டினார்கள். வீட்டுக்கு வந்து ரீசெட் செய்ததும் பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டு கேட்கிறது. ஐம்பது பேர் ஐம்பது வழி சொல்கிறார்கள். எதைச் செய்வது? – இல்லத்தரசி ஒருவர்

பதில்: ஐம்பதையும் விடுங்கள் அம்மா. அந்தப் பூட்டு வேலை செய்கிறது என்றால் அது யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆப்பிள் நிறுவனம் 2013இல் ஐஓஎஸ் 7 என்ற ஐபோன் மென்பொருளுடன் இந்தப் பூட்டைக் கொண்டுவந்தது. பிறகு ஆண்ட்ராய்டிலும் இதே மாதிரி ஒன்று வந்தது. உரிமையாளர் தன் கணக்கிலிருந்து விடுவிக்காமல் போனை எத்தனை முறை அழித்தாலும் அது அவர் பெயரைத்தான் கேட்கும்.

உண்மையான உரிமையாளர் விற்றிருந்தால் இதைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். விற்றவரைத் தேடிப்பிடித்து, 'உங்கள் கணக்கை நீக்கிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். நீக்கிக் கொடுத்தால் நிம்மதி. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது', 'அண்ணன் போன்', 'அண்ணன் வெளிநாட்டில்' என்று கதை நீண்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் போனைப் போலீஸிடம் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். இதுவரை போனது ஒரு தொகை, அது இரண்டாகிவிடும்.

இனி வாங்கும்போது: போனில் *#06# என்று அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண், ஐஎம்இஐ என்பார்கள், திரையில் வரும். அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். திருடு போனதாகப் புகார் ஆன எண்களைத் தேடிப்பார்க்கும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. அதையும் முழுசாக நம்ப முடியாது. ஒரு நாட்டில் தடைசெய்த போன் இன்னொரு நாட்டில் கம்பீரமாக மணியடிக்கும். திருடிய போன்கள் எல்லை தாண்டிப் பயணம் போவது அதனால்தான். சந்தையிலேயே, விற்கிறவர் கண் முன்னாலேயே, ரீசெட் செய்து புதிதாகத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அதுவே பதில்.

கேள்வி: சீல் பிரிக்காத ஷேவிங் பிளேடு, முகத்துக்குப் போடும் கிரீம், குழந்தைகளுக்கான பால் பவுடர் எல்லாம் சந்தையில் பாதி விலைக்குக் குவித்து வைத்திருக்கிறார்கள். கம்பெனி கழித்துப்போட்ட சரக்கு என்கிறார்கள். நம்பலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கழிவுச் சரக்கு என்பது உண்மையிலேயே உண்டு. கடை மூடுகிறவர்கள் மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். அப்படி வருகிற சரக்கு பெட்டி பெட்டியாக, ஒரே ரகமாக வரும். விற்கிறவர் கையில் ஒரு மொத்த பில்லாவது இருக்கும். திருடிய சரக்குக்கு வேறு முகம்: பத்து பிராண்ட், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு, எல்லாமே சின்னது, விலை அதிகம், சட்டைப்பைக்குள் அடங்குவது. விலைச்சீட்டைச் சுரண்டிய தடம் இருக்கும். கடைகளில் ஒட்டும் அலாரம் ஸ்டிக்கரின் பசை விரலில் ஒட்டும். அதே ஆளிடம் அதே சரக்கு வாரா வாரம் தீராமல் வந்துகொண்டே இருக்கும். கழிவுச் சரக்கென்றால் ஒரு நாள் தீர வேண்டுமே!

இந்த வியாபாரம் இப்போது பெரும்பாலும் இணையத்துக்கு நகர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 2023 ஜூனிலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இணையச் சந்தையில் பன்னிரண்டு மாத காலத்துக்குள் 200க்குக் குறையாத புதிய பொருள்களை 5,000 டாலருக்குக் குறையாமல் விற்கிறவர் யார், எவர் என்று அந்தத் தளம் விசாரித்து உறுதிசெய்ய வேண்டும். தார்ப்பாய் விரிக்கிறவர்களை அது தொடவில்லை. பால் பவுடரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். திருட்டோ இல்லையோ, அது எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: என் மகளுக்காக ஒரு பழைய வயலின் வாங்கினேன். நியாயமான விலைதான் கொடுத்தேன், ரசீதுகூட வாங்கினேன். ஆறு மாதம் கழித்து, அது திருட்டு வயலின் என்று போலீஸ் எடுத்துப் போய்விட்டது. பறிகொடுத்தவருக்கு நியாயம் கிடைத்தது, சரி. காசு கொடுத்த நான் என்ன தப்பு செய்தேன்? – கணக்கர் ஒருவர்

பதில்: ஒரு தப்பும் செய்யவில்லை. சட்டத்திலேயே மிகக் கசப்பான இடம் இது. ஒரு திருடன் இரண்டு நல்லவர்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு ஓடிவிடுகிறான். வயலின் ஒன்றுதான். யாருக்குக் கொடுப்பது?

தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் அடுத்தவனுக்குக் கொடுக்க முடியாது என்பது ரோமானியர் காலத்துக் கொள்கை. பெரும்பாலான நாடுகள் அதன் பக்கம்தான் நிற்கின்றன. பொருள், பறிகொடுத்தவருக்கே சொந்தம். வாங்கியவர் தன் பணத்தை விற்றவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் ரசீது அதற்கு உதவும், பத்திரமாக வையுங்கள். விற்றவர் பெயரும் முகவரியும் அதில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அவரும் யாரிடமோ வாங்கியிருந்தால் அவர் அந்த ஆளைப் பிடிக்கட்டும். சங்கிலி கடைசியில் திருடனிடம் போய் அறுந்துபோகும், அது வேறு விஷயம்.

எல்லா நாடும் ஒரே மாதிரி முடிவெடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பிரான்ஸில் பறிகொடுத்தவர் மூன்று வருடத்துக்குள் கேட்டால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் நீங்கள் அதைச் சந்தையிலோ அந்த மாதிரிப் பொருள் விற்கும் வியாபாரியிடமோ, திருட்டு என்று தெரியாமல், நல்ல நம்பிக்கையோடு வாங்கியிருந்தால், நீங்கள் கொடுத்த விலையை அவர் உங்களுக்குத் தந்துவிட்டுத்தான் எடுத்துப் போக முடியும். ஜப்பானிலும் இதே போல ஒரு ஏற்பாடு, கெடு மட்டும் இரண்டு வருடம். இத்தாலியில் நல்ல நம்பிக்கையோடு முறைப்படி வாங்கியவருக்கே பொருள் சொந்தம். ஜெர்மனியில் திருட்டுப் பொருள் என்றால் நல்ல நம்பிக்கை செல்லாது, பணம், பொது ஏலம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. உங்கள் வயலின் எந்த எல்லைக்குள் கைமாறியது என்பதைப் பொறுத்து நீங்கள் சிரித்திருக்கலாம், அழுதிருக்கலாம்.

இங்கிலாந்தின் கதைதான் எனக்குப் பிடித்தது. பல நூறு வருடமாக அங்கே ஒரு விதி இருந்தது. பழைய உரிமை பெற்ற வெளிச்சந்தையில், சூரியன் உதித்ததற்கும் மறைந்ததற்கும் நடுவில், நல்ல நம்பிக்கையோடு வாங்கினால், திருட்டுப் பொருளானாலும் வாங்கியவருக்கே சொந்தம். பட்டப்பகலில் ஊரறிய விற்கிறார்களே, பறிகொடுத்தவன் வந்து தேடிக்கொள்ளட்டும் என்பது அதன் நியாயம். ஊர் சின்னதாக இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. லண்டனின் பெர்மண்ட்ஸி சந்தை விடியுமுன்னே கூடும். டார்ச் விளக்கோடு வியாபாரிகள் சுற்றுவார்கள். சூரியன் எப்போது உதித்தது என்பதில் ஒருவனுடைய சொத்துரிமை தொங்கியது! 1990களின் தொடக்கத்தில், லிங்கன்ஸ் இன் என்ற வழக்கறிஞர் கழகத்திலிருந்து திருடு போன ஓவியங்கள், கெய்ன்ஸ்பரோ, ரெனால்ட்ஸ் என்ற பெரிய ஆங்கில ஓவியர்கள் வரைந்தவை, அந்தச் சந்தையில் சொற்ப விலைக்குக் கைமாறின. சட்டம் படித்தவர்களின் சுவரிலிருந்தே போனதும் சட்டத்துக்குச் சுருக்கென்று உறைத்ததோ என்னவோ, 1995 ஜனவரியில் அந்த விதி முடிவுக்கு வந்தது. இது என் குசும்பு. அந்த விதியை ஒழிக்கச் சொல்லும் கூச்சல் அதற்கும் முன்பிருந்தே இருந்தது.

கேள்வி: சில ஊர்களில் 'திருடர் சந்தை' என்றே பெயர் வைத்திருக்கிறார்களே, வெட்கமில்லையா? – பள்ளி ஆசிரியர்

பதில்: லிஸ்பனில் செவ்வாயும் சனியும் கூடும் சந்தையின் பெயரில் இருக்கும் 'லாத்ரா' என்ற சொல்லுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் திருடி என்று பொருள். மும்பையின் சோர் பஜார் தெரிந்ததுதான், இந்தியில் 'சோர்' என்றால் திருடன். இரைச்சல் சந்தை என்ற 'ஷோர் பஜார்' மருவி அப்படி ஆனது என்பார்கள். பெயரை வைத்துச் சந்தையை எடைபோடாதீர்கள். பெயர் கெட்ட இடத்தில் கேள்வி கேட்டு வாங்குவார்கள். பெயர் நல்ல இடத்தில்தான் ஏமாந்துபோவார்கள்.

கேள்வி: குப்பை விலைக்கு வாங்கிய படம் கோடிக்குப் போனது என்றெல்லாம் படிக்கிறோம். அப்படி ஒரு புதையல் என் கைக்கு வந்தால், வந்த வழியை நான் ஏன் தோண்ட வேண்டும்? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

பதில்: நீங்கள் தோண்டாவிட்டால் வேறு யாராவது தோண்டுவார்கள் சார். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

2012இல் அமெரிக்காவில் ஒரு பெண்மணி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் ஓவியத்தை ஏலக்கடைக்குக் கொண்டுவந்தார். 2009இல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பழைய பொருள் சந்தையில் ஏழு டாலருக்கு ஒரு பெட்டிச் சாமான் வாங்கினாராம். பெட்டிக்குள் ஒரு பொம்மை, ஒரு பிளாஸ்டிக் மாடு, கூடவே இந்தப் படம். படத்தின் ஃபிரேமில் ரெனுவார் என்று, புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியரின் பெயர்த்தகடு இருந்தது. பார்த்தவர்கள் அசல் என்றார்கள். 1879இல் ரெனுவார் வரைந்த, பிரான்ஸின் சேன் நதிக்கரைக் காட்சி. ஏலக்கடை 75,000 டாலரிலிருந்து ஒரு லட்சம் வரை போகும் என்று மதிப்பிட்டது. பத்திரிகைகள் கொண்டாடின.

கொண்டாட்டத்தின் நடுவில், வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவர் பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தின் பழைய காகிதங்களைப் புரட்டினார். 1937இல் அந்த ஓவியத்தை ஒரு கொடையாளர் அங்கே இரவல் கொடுத்திருந்தது தெரிந்தது. அருங்காட்சியகம் தன் பதிவேட்டைத் தேடிப் பார்த்தால், 1951 நவம்பரில் அது திருடு போயிருக்கிறது! ஏலம் நின்றது. எஃப்.பி.ஐ. ஓவியத்தை எடுத்துக்கொண்டது. சந்தைக் கதையே உண்மைதானா என்ற பேச்சும் எழுந்தது. 2014 ஜனவரியில் நீதிபதி லியோனி பிரிங்கமா ஓவியம் அருங்காட்சியகத்துக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தார். நடுவில் எத்தனை கை மாறியிருந்தாலும், திருட்டு திருட்டாகவே இருந்தது. 62 வருடம் கழித்து, படம் பால்டிமோருக்கே திரும்பியது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது நீதிபதியும் இல்லை, ரெனுவாரும் இல்லை. 1937இல் ஓர் இரவல் சீட்டை ஒழுங்காக எழுதி, பெட்டியில் போட்டு வைத்த அந்த அலுவலக ஊழியரைத்தான் பிடித்தது.

இப்போது தோண்டுவது சுலபம். திருடு போன கலைப்பொருள்களைத் தேடிப்பார்க்க இன்டர்போல் 2021இல் ஐடி-ஆர்ட் என்ற செயலியை வெளியிட்டது. போனில் இலவசமாகவே கிடைக்கும். அதில் இல்லை என்பதால் எல்லாம் சுத்தம் என்று ஆகிவிடாது. யாரும் புகார் கொடுக்காத திருட்டு அதில் எப்படி வரும்? ஆனால் தேடிப் பார்த்தேன் என்று சொல்ல உங்களிடம் ஒரு தேதி இருக்கும்.

கேள்வி: இவ்வளவு உபதேசம் செய்கிறீர்களே, இத்தனை வருடத்தில் நீங்கள் எத்தனை திருட்டுப் பொருள் விற்றிருப்பீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள். – 'உங்கள் பழைய வாடிக்கையாளன்'

பதில்: கையெழுத்து தெரிந்த மாதிரி இருக்கிறது. சரி, சொல்கிறேன்.

கடை போட்டு நாலாவது வருடம். இருபது வயது இருக்கும், ஒரு பையன் கேமரா கொண்டுவந்தான். நல்ல கேமரா. தோல் பட்டை அறுந்த இடத்தில் பச்சை நூல் போட்டுத் தைத்திருந்தது. கையில் வாங்கியதும், எத்தனை படம் எடுத்தாயிற்று என்று எண் காட்டும் முள்ளைப் பார்த்தேன். 22இல் நின்றது. உள்ளே பாதி எடுத்த ஃபிலிம் ரோல் இருக்கிறது. தன் கேமராவை விற்கிறவன் ரோலைக் கழற்றாமல் கொண்டுவர மாட்டான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். அவன் கேட்டதோ மூன்றில் ஒரு பங்கு விலை. 'இது யாருடையது' என்று கேட்டால் போய்விடுவான் என்றும் தெரியும். கேட்கவில்லை. காசைக் கொடுத்தேன். அவன் போனதும், ரோலைச் சுற்றி எடுக்கும் பொறுமைகூட இல்லாமல், வெயிலில் பின்மூடியைத் திறந்து ஃபிலிமை உருவி எறிந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு பெண்மணி கடை முன் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கேமராவை எடுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. 'இதில் ஒரு ரோல் இருந்ததே, அது எங்கே?' என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கேமராவைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ரோலில் என்ன இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, பொருள், அதன் எண், கொண்டுவந்தவர் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. பிரான்ஸில் தெருச்சந்தை நடத்துகிறவர்கள் விற்க வருகிறவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரத்தோடு பதிவேடு வைக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது, பயத்தில் செய்தேன். நோட்டைத் திறந்ததும் 'இதோ வந்துவிடுகிறேன்' என்று போய்த் திரும்பாதவர்கள் நிறையப் பேர். அந்த வருட வருமானம் நன்றாகவே அடி வாங்கியது. பக்கத்துக் கடைக்காரர் என்னைத் தாசில்தார் என்று கூப்பிட ஆரம்பித்தார். கடைசிவரை அந்தப் பெயர் போகவில்லை.

நோட்டுக்கு முந்தைய நாலு வருடத்தில் எத்தனை? தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தானே கேட்காமல் இருந்தேன். அந்தக் காலத்தில் 'நான் திருடவில்லையே' என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு ஒரு வக்கீல் நண்பர் சொல்லித் தெரிந்துகொண்டேன்: இங்கிலாந்தில் திருட்டுக்கு அதிகபட்சம் ஏழு வருடச் சிறை, தெரிந்தே திருட்டுப் பொருளைக் கையாள்வதற்குப் பதினான்கு. பிரான்ஸில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று, வாங்கி வைப்பதற்கு ஐந்து. முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பையனுக்கு அந்தக் கேமராவில் படம் எடுக்கத் தெரியாது. அவனுக்கு வேண்டியது காசு. என் தார்ப்பாய் அங்கே விரிந்திருக்கும் என்று தெரிந்ததால்தான் அவன் அதை எடுத்தான்.

கேள்வி: காலமான என் அப்பாவின் தச்சுக் கருவிகளைச் சந்தையில் விற்க நினைக்கிறேன். ஒன்றுக்கும் பில் கிடையாது. திருட்டுப் பொருள் என்று யாராவது நினைத்துவிட்டால்? – தனியார் நிறுவன ஊழியர்

பதில்: நாற்பது வருட உளிக்கு யாரும் பில் கேட்க மாட்டார்கள் அம்மா, கேட்டால் அவருக்கு இந்தத் தொழில் புதிது. கருவிகளை ஒன்றாகப் பரப்பி ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்பா வேலை செய்யும்போது எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். முடிந்தவரை மொத்தமாக ஒரே ஆளுக்குக் கொடுங்கள். ஒரு தச்சரின் பெட்டி முழுசாக இருந்தால் அது யாருடைய கை என்று பார்த்ததும் தெரியும். எது எதற்கு என்று கேட்பார்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்கு 'அப்பாவுக்குத்தான் தெரியும்' என்று சொல்லுங்கள், அதுவும் நல்ல பதில்தான். வாங்குகிறவர் பெயரையும் போன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இழைப்புளியின் பக்கத்திலும் ரம்பத்தின் பிடியிலும் அப்பா தன் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கியிருக்கிறார் என்றும், விற்பதற்கு முன் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தேய்த்த இடத்தைப் பார்த்தால்தான் என் மாதிரி ஆள்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வோம்.